கழுவிய வேர்

ஜூன் 4

சின்னவளுக்கு,

போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ என்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விட்டதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இது.

நேற்றுக் காலை காட்டு வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மேற்குச் சரிவில் மரங்களை வெட்டிச் சமப்படுத்தி, வண்டி நிறுத்துமிடமும் பார்வையாளர் கூடமும் கட்டப்போகிறார்களாம். அங்கே இருக்கும் ஆர்க்கிட்டுகளுக்கு ஒரு குறையும் வராதாம். அத்தனையையும் பத்திரமாகப் பெயர்த்துத் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில் வளர்ப்பார்களாம். முடியும் என்று நிபுணர் அறிக்கை சொல்கிறதாம். அடியில் நிபுணரின் கையெழுத்து. முதல் எழுத்தை யானையாகப் போட்டு மற்றதையெல்லாம் எறும்பாக இழுத்துவிடும் அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? என் தங்கையின் கையெழுத்து.

என்னோடு பதினான்கு பேர் நின்றிருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமைக் காளான் நடைக்கு, என்னோடு காட்டில் காளான் பார்க்க வந்தவர்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் நோட்டீஸை இரண்டு முறை படித்துவிட்டு, “பூச்செடிய எடுத்துத் தொட்டியில வைக்கறதுல என்னம்மா கஷ்டம்?” என்றார். எல்லாரையும் மேற்குச் சரிவுக்கே கூட்டிப்போய்க் காட்டினேன். பூக்கடையில் விற்கும் ஆர்க்கிட் இல்லை இது. இலையே கிடையாது. வருஷத்தில் சில வாரம் பழுப்பு நிறத்தில் ஒரு தண்டு எழும்பும், பூக்கும், போய்விடும். மிச்ச நாளெல்லாம் மண்ணுக்குள்ளே வாசம். இலை இல்லாததால் சொந்தமாகச் சமைத்துக்கொள்ளத் தெரியாது. மண்ணுக்குள் ஓடும் பூஞ்சை இழைதான் அதற்கு ஊட்டிவிடுகிறது. அந்தப் பூஞ்சை மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து வாங்கிச் சாப்பிடுகிறது. மழைக்கு அது வெளியே நீட்டும் சிவப்புக் குடையைத்தான் நாம் காளான் என்கிறோம். இதைச் சொல்லி முடித்ததும் டிரைவர், “அப்ப மரம் சமைக்குது, காளான் பரிமாறுது, இவங்க உக்காந்து சாப்பிடறாங்க. எங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரி” என்றார். பதினான்கு பேரும் சிரித்தார்கள். ஒரே தடவை கேட்டு அவருக்குப் புரிந்தது உனக்கு ஏன் புரியவில்லை?

மரத்தை வெட்டினால் அடுப்பே அணைந்துவிடும். அப்புறம் எந்தத் தொட்டியில் வைத்து என்ன?

காளான் நடைக்கும் தடை என்று அதே நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு நடை நடக்கும். தடை போட்டவர்களும் வரலாம். ‘இதைச் சாப்பிடலாமா’ என்று முதலில் கேட்பவர்தான் என் பையைத் தூக்க வேண்டும் என்ற விதி அவர்களுக்கும் உண்டு.

அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

நலமா என்று நீ கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. போன வருஷம் குளிர் முடியும் முன் அதே சரிவிலிருந்து அந்த ஆர்க்கிட்டின் எட்டுக் கிழங்குகளை என் கையாலேயே தோண்டி எடுத்து வந்தேன். ஆள் வைத்துச் செய்யவில்லை. கண்ணாடிக் கூடத்துக்குள் வெளி மண் ஒரு சிட்டிகைகூட வரக்கூடாது என்பது இங்கே விதி. அந்த விதியை எழுதியவளே நான். எட்டையும் ஓடும் தண்ணீரில் காட்டி, குழந்தைகள் பல் தேய்க்கும் மெத்தென்ற பிரஷால் ஒவ்வொரு வேராகத் தேய்த்து, பூஞ்சைக்கொல்லி மருந்தில் பத்து நிமிடம் முக்கி, ஆவியில் வேகவைத்த மண்ணில் நட்டேன். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள். ஜூனில் எட்டில் ஏழு பூத்தன. படம் இருக்கிறது, தேதி இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அறிக்கை எழுதினேன். உன் பஸ் டிரைவர் சிரிப்பதைப் பார்த்து எழுதவில்லை.

நீயும் இதே பூங்காவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். ஒருநாள் கோபம் வந்தது, கையுறையைக் கழற்றி இயக்குநர் மேஜையில் வீசிவிட்டுப் போய்விட்டாய். எல்லாரும் உன்னை ஆஹா என்றார்கள். மறுநாளும் அங்கேயே வேலைக்கு வந்தவள் நான். “நீங்க அவங்க தங்கச்சிதானே?” என்று ஒவ்வொருவரும் பார்த்த பார்வையைப் பதினோரு வருஷமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். நீ வீசிவிட்டுப் போவாய், நான் பொறுக்கி வைப்பேன். சின்ன வயதிலிருந்தே நம் வீட்டு ஏற்பாடு அதுதானே?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரோ சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம். அந்தப் பார்வையாளர் கூடம் கட்டினால் அதற்குப் பொறுப்பாளர் நான். எனக்கு அது வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தங்கை

ஜூன் 18

சின்னவளே,

கழுவினாயா?

மற்றதையெல்லாம் அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம், கையுறை உட்பட. அதில் உன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கொஞ்சம்தான், ரொம்பச் சந்தோஷப்படாதே.

ஆனால் கழுவியிருக்கிறாய். பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறாய். பூஞ்சையால் உயிர் வாழும் செடியைப் பூஞ்சைக்கொல்லியில் முக்கியிருக்கிறாய். அந்த வேரில் ஒட்டியிருந்தது அழுக்கு இல்லையடி, அதன் சாப்பாடு. உன் கூடத்தில் வளரும் மற்ற ஆர்க்கிட் அழகு ராணிகளுக்கெல்லாம் பச்சை இலை உண்டு. விதையாக இருக்கும்போதுதான் அவற்றுக்குப் பூஞ்சை தயவு வேண்டும். தூசி போல இருக்கும் அந்த விதைக்குள் ஒரு வாய் உணவுகூடக் கிடையாது, பூஞ்சை உள்ளே போய் ஊட்டினால்தான் முளைக்கும். இலை விட்ட பிறகு நீ எவ்வளவு கழுவினாலும் பிழைத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் இதையும் குளிப்பாட்டிவிட்டாய். இது ஆயுசு முழுக்கக் கைக்குழந்தை. வேலை தெரியாதவள் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டாள். உன்னைப் போன்ற சுத்தக்காரிதான் செய்வாள்.

அப்படியானால் ஏழு பூத்தது எப்படி என்பாய். கிழங்கில் சேமிப்பு இருந்தது. பட்டினி கிடப்பவனும் முதல் சில நாள் எழுந்து நடமாடுவான். நீ படம் பிடித்தது அந்த நடமாட்டத்தை.

நேற்று நடைக்கு வனக் காவலர் வந்துவிட்டார். “என்னம்மா, நோட்டீஸ் ஒட்டினது கண்ணுக்குத் தெரியலையா?” என்றார். “தெரியுது சார், கோணலா ஒட்டியிருக்கீங்க” என்றேன். முகம் சிவந்துவிட்டது மனிதருக்கு. என் பேரில் தனியாக ஒரு நோட்டீஸ் எழுத உட்கார்ந்தார். எழுதிக்கொண்டே, பக்கத்தில் நர்ஸ் ஒருத்தி குப்புறப் படுத்து, குச்சி முனையில் கட்டிய சின்னக் கண்ணாடியை ஒரு காளானுக்கு அடியில் நீட்டிப் பார்ப்பதைப் பார்த்தார். நம் நடையில் யாரும் எதையும் பறிக்கக் கூடாது, அதற்குத்தான் கண்ணாடி. “அதுக்குள்ள அப்படி என்னதான் தெரியுது?” என்றார். கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். மண்டியிட்டார். குடையின் அடியில் புத்தகப் பக்கம் மாதிரி அடுக்கடுக்காக மடிப்புகள் இருப்பதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. முடிவில், “இதச் சாப்பிடலாமா?” என்றார். பையை அவர்தான் தூக்கி வந்தார். நோட்டீஸையும் மறக்காமல் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

உன்னிடம் எனக்கு ஒரே கேள்வி. இந்த வருஷம் அந்த எட்டில் எத்தனை பூத்தன? எண்ணை மட்டும் எழுது, போதும்.

அக்கா

ஜூன் 28

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மேல் கூரையில் இரண்டு கண்ணாடிகள் விரிசல் விட்டு மழைத் தண்ணீர் நேராக விதை மேஜையில் விழுகிறது. ஈரப்பதம் காட்டும் கருவி வேறு இல்லாத கணக்கெல்லாம் காட்டுகிறது. அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. “ரெண்டும் பேசிக்குதா?” என்று தினம் கேட்கிறாள். எழுதிக்கொள்கிறோம் என்றேன். “எழுதி எழுதியே அடிச்சுக்குங்க” என்கிறாள்.

தொட்டிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். பருவம் இன்னும் முடியவில்லை. சில ஆர்க்கிட்டுகள் ஒரு வருஷம் வெளியே வராமல் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுவது உண்டு. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

நேற்று இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, “அந்தக் காளான் அம்மா உங்க அக்காவாமே? கொஞ்சம் சொல்லி வைங்க” என்றார். சொல்லி வைக்கிறேன். நடையை நிறுத்து. அடுத்த நோட்டீஸோடு வழக்கும் போடுவார்கள். ஜூலை இருபதாம் தேதி பூங்காவின் நிர்வாகக் குழு கூடித் திட்டத்தை முடிவு செய்யப்போகிறது. அதுவரைக்குமாவது பேசாமல் இரு. உனக்காகத்தான் சொல்கிறேன்.

தங்கை

ஜூலை 2

சின்னவளே,

ஒரு எண் கேட்டேன். நீ கூரை, கருவி, முட்டி என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். எட்டு என்றோ ஏழு என்றோ இருந்திருந்தால் முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருப்பாய். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

நேற்று நடைக்கு முப்பத்தொரு பேர். தடை என்றதும்தான் ஜனங்களுக்கு வழியே தெரிந்திருக்கிறது. மேற்குச் சரிவில் எண்ணினோம். இருபத்து மூன்று தண்டுகள், அத்தனையும் பூத்திருக்கின்றன. யாரும் கழுவவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. மரம் இருக்கிறது, பூஞ்சை இருக்கிறது, அவ்வளவுதான்.

இருபதாம் தேதிக் கூட்டத்துக்கு நான் வருகிறேன். பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். எழுந்து நின்று, அந்த எட்டுத் தொட்டிகளில் இன்று என்ன இருக்கிறது என்று அறிக்கை எழுதியவரைக் கேளுங்கள் என்பேன். தங்கை என்று பார்க்க மாட்டேன். உன் பெயரைச் சொல்லித்தான் கேட்பேன்.

உன் மேல் எனக்கு இருப்பது கோபம் மட்டும் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ தப்பு செய்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. தப்பு செய்யாதவள் எவள்? நீ என்னிடமே மறைக்கிறாய் பார், அதுதான் தாங்க முடியவில்லை.

அக்கா

ஜூலை 10

அக்காவுக்கு,

பூஜ்யம். நீ கேட்ட எண்.

நேற்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் எட்டுத் தொட்டிகளையும் மேஜையில் கவிழ்த்தேன். கிழங்கு என்று சொல்ல எதுவும் இல்லை. தோல் இருக்கிறது, உள்ளே காலி. விரலால் தொட்டதும் அமுங்கிவிட்டது. மண் மட்டும் சுத்தமாக இருந்தது, என் மண் எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது என்று நினைக்காதே. நோட்டீஸ் ஒட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே, மே கடைசியில், ஒரு தொட்டியைக் கிளறிப் பார்த்தேன். அப்போதே காலித் தோல்தான். மண்ணை மறுபடி தள்ளி மூடிவிட்டேன். ஒன்றுதான் போயிருக்கும், மற்ற ஏழும் இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மற்ற ஏழையும் கிளறவில்லை. ஏன் கிளறவில்லை என்று நீ கேட்க வேண்டாம். அதற்கப்புறம் ஆறு வாரம் தினமும் எட்டுத் தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றினேன். செத்ததற்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று தெரிந்தேதான் ஊற்றினேன்.

உனக்குப் பதில் எழுதியபோதும் தெரியும். ‘படம் இருக்கிறது, தேதி இருக்கிறது’ என்று எழுதிய கை இதுதான்.

கூட்டத்துக்கு வராதே. நீ சொல்ல வேண்டாம்.

தங்கை

ஜூலை 13

சின்னவளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன். உடனே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

‘நீ சொல்ல வேண்டாம்’ என்றால் என்னடி அர்த்தம்? நீ சொல்லப்போகிறாயா? இல்லை, யாருமே சொல்லக் கூடாது என்கிறாயா? அந்த வரியைப் பத்து முறை படித்துவிட்டேன், பிடி கிடைக்கவில்லை. உனக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அதனால் நான் வருவேன். கடைசி வரிசையில் உட்காருவேன். நீ எழுந்தால் நான் எழ மாட்டேன். நீ எழாவிட்டால் நான் எழுவேன். இரண்டில் எது என்பதை நீயே முடிவு செய்துகொள். என்னைக் கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை, அம்மாவைத் தூது விட்டும் பிரயோஜனம் இல்லை.

இரண்டு தாளைக் கிழித்தாய், மூன்றாவதைக் கிழிக்கவில்லை. அதைக் கவனித்தேன்.

அக்கா

ஜூலை 24

அக்காவுக்கு,

கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பாய் என்று பார்த்தேன். போய்விட்டாய். கடைசி வரிசையில் உன் தலை ஒரு தூணுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. அதனால் உன் முகம் எனக்குத் தெரியவில்லை. நீ பார்த்ததைத்தான் எழுதுகிறேன், ஆனால் என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

தொட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனபோது வாசலில் இருந்தவர் அலங்காரத்துக்கு என்று நினைத்து வழிவிட்டார். என் முறை வந்ததும் குழுவின் மேஜைமேல் செய்தித்தாளை விரித்தேன். இயக்குநர் எழுந்து, “என்ன மேடம் பண்றீங்க, இது மீட்டிங் ஹால்” என்றார். “தெரியுது சார், அதான் பேப்பர் விரிக்கறேன்” என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வாய் என்று எனக்கே தெரியவில்லை. உன்னிடமிருந்து ஒட்டியிருக்கும். எட்டையும் கவிழ்த்தேன். குழுவில் இருந்த வக்கீலம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்து, “இதுல செடி எங்கம்மா?” என்றார்.

“இல்லீங்க. எட்டும் செத்துப்போச்சு. நான்தான் கழுவிக் கொன்னேன். மே மாசமே எனக்குத் தெரியும், சொல்லாம இருந்துட்டேன். அந்தச் சரிவுல இருக்கறத எடுத்து வேற எங்கயும் வைக்க முடியாது. மரத்த விட்டு எடுத்தா செத்துடும். என் ரிப்போர்ட்ட வச்சு அங்க ஒரு மரத்தத் தொடாதீங்க.”

காலித் தொட்டிகளை மறுபடி தள்ளுவண்டியில் அடுக்கினேன்.

அடுத்து நடந்தது நீ போன பிறகு. குழுவில் கை தூக்கச் சொல்லி ஓட்டெடுத்தார்கள். மேற்குச் சரிவு திட்டத்திலிருந்து போய்விட்டது. வண்டி நிறுத்துமிடம் கிழக்கு வாசலில் இருக்கும் வெறும் மைதானத்துக்குப் போகிறது. பார்வையாளர் கூடம் இப்போதைக்கு இல்லை. உன் நடைக்கு இருக்கும் தடை மட்டும் அப்படியே இருக்கிறது. அதை யாரும் பேசவே இல்லை.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டார். கண்ணாடிக் கூடத்தின் சாவியைக் கேட்டார். அலுவலகத்தில் பழைய கோப்புகளை அடுக்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். சாவியைக் கொடுத்துவிட்டேன். பதினோரு வருஷம் இடுப்பில் இருந்த சாவி. அப்புறம் குரலை இறக்கி, “கூட்டத்துல உணர்ச்சிவசப்பட்டுப் பேசிட்டேன்னு ஒரு மன்னிப்புக் கடிதம் குடுங்க, ஒரு மாசத்துல சாவி உங்க கைக்கு வந்துடும்” என்றார். “ரிப்போர்ட் எழுதினப்பதான் சார் உணர்ச்சிவசப்பட்டேன். கூட்டத்துல நிதானமாத்தான் பேசினேன்” என்றேன். தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். நான் அவர் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டு வந்துவிட்டேன். இன்று காலை மறுபடி ஆள் அனுப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை. நாளைக்குக் கேட்டாலும் கொடுக்கப்போவதில்லை.

பொய் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது உன்னிடம். அதைக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை, நேரில்தான் கேட்பேன். நீ ஏன் நிற்காமல் போனாய் என்று மட்டும் சொல்.

தங்கை

ஜூலை 27

சின்னவளே,

ஏன் போனேன் என்றா? அழுதேனடி. நீ இரண்டாவது தொட்டியைக் கவிழ்த்தபோது ஆரம்பித்தது, நிற்கவில்லை. அத்தனை பேர் நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்க முடியுமா? ஊரில் எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.

நான் அன்றைக்குக் கையுறையை வீசினேன், மேஜையில் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். நீ செய்தது அதைவிடப் பெரிது. நீ உன்னையே மேஜையில் கொட்டினாய், அப்புறமும் மறுநாள் அதே இடத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறாய். என்னால் அது முடிந்திருக்காது. இதை ஒருமுறைதான் சொல்வேன், பத்திரமாக வைத்துக்கொள்.

மன்னிப்பை நேரில் கேட்கிறேன் என்கிறாய். என்னிடம் தனியாக வந்து கேட்டுவிட்டுத் தப்பித்துப் போகலாம் என்று பார்க்காதே. ஆகஸ்ட் ஐந்து, ஞாயிறு, காலை ஏழு மணி. இதுவரை நாற்பத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் பாதிப்பேர் உன்னைக் கூட்டத்தில் பார்த்தவர்கள். மேற்குச் சரிவு வரைக்கும் நான் பேசுவேன். அங்கே போனதும் நான் வாயை மூடிக்கொள்வேன், நீ பேசு. எட்டையும் எப்படிக் கழுவினாய், எந்தப் பிரஷ், எத்தனை நிமிடம், எல்லாம் சொல். பூஞ்சையும் ஆர்க்கிட்டும் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்று பத்து வருஷமாக நான் விளக்குகிறேன், பாதிப்பேர் தலையை ஆட்டிவிட்டுக் காளானைச் சமைக்க வழி கேட்கிறார்கள். நீ சொன்னால் மறக்க மாட்டார்கள்.

தடை இருக்கிறதே என்று யோசிப்பாய். இருக்கிறதுதான். நேற்றுக் காவலர் வந்து, ஞாயிற்றுக்கிழமையும் நடை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். அப்படியானால் நோட்டீஸ் எழுதியே ஆக வேண்டும், வேறு வழியில்லை என்றார். எழுதுங்கள், ஆனால் இந்தத் தடவை இரண்டு எழுதிக்கொண்டு வாருங்கள், என் தங்கையும் வருகிறாள் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா